அருவிப்புறத்துத் துறவி

இங்கிலாந்தில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பியூரிட்டன்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அரசுத் திருச்சபையின் ஆடம்பரச் சடங்குகளை மறுத்தவர்கள் அவர்கள். மீட்சி பெறுவோர் யாரென்பதை ஆண்டவன் முன்னரே தேர்ந்துவிட்டான் என்று அவர்களுட் பெரும்பாலோர் நம்பினர். நம் திருவிதாங்கூரிலோ, அத்தேர்வை மனிதர்களே நடத்தினார்கள். ஒருவன் இறைவனை நெருங்கலாமா என்பதை அவன் பிறந்த சாதியே முடிவு செய்தது. அடைத்த கதவைத் தட்டிக்கொண்டிராமல், புதுக் கோயில் கண்டவர் ஸ்ரீ நாராயண குரு.

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில், 1850-களின் நடுவில், ஈழவர் குடியில் அவர் பிறந்தார். வடமொழி கற்றார்; தைக்காடு அய்யா என்னும் தமிழரிடம் யோகம் பயின்றார்; குமரி முனைக்கு அருகே மருத்துவாழ்மலையில் தவமிருந்தார். தமிழிலும் பாக்கள் இயற்றினார். பிழைப்புத் தேடி இம்மண்ணில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த எனக்கு, இச்செய்தி தனி உவகை தருகிறது.

எங்கள் ஆரியங்கோட்டுக்கு அண்மையில், நெய்யாற்றங்கரையில் உள்ளது அருவிப்புறம். 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, ஆற்றிலிருந்து எடுத்த கல்லொன்றை அவர் அங்கே சிவலிங்கமாக நாட்டினார். அந்தணர்க்கே உரிய செயலைச் செய்யலாமோ என்று வினவியவர்க்கு, தாம் நிறுவியது ஈழவரின் சிவனையே என்று அமைதியாக விடையிறுத்தாராம். அவ்விடையில் நகையும் உண்டு, கூர்மையும் உண்டு. சாதி வேற்றுமையும் சமயப் பகையுமின்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் அது என்ற கருத்தை அங்கே பொறித்தும் வைத்தார்.

1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றியது. 1925-இல் காந்தியடிகள் அவரை வர்க்கலையில் சந்தித்தபோது, மதமாற்றம் பற்றிய பேச்சு எழுந்தது. வீடுபேற்றுக்கு இந்து சமயமே போதும். பிற சமயங்களிலும் அதற்கு வழியுண்டு. ஆனால் மக்கள் இவ்வுலக விடுதலையையும் நாடுகிறார்கள் என்பது குருவின் கருத்து. 1927-இல் களவங்கோட்டில் சிலைக்கு மாற்றாகக் கண்ணாடியை நிறுவினார். வணங்க வந்தவன் தன்னையே அங்குக் கண்டான்.

வீடுபேற்றை அளக்க என் ஆய்வுக்கூடத்தில் கருவியில்லை. ஆயினும் ஒரு மனிதனை நிமிர்ந்து நிற்கச் செய்ததை எவரும் கண்ணால் காணலாம் அன்றோ?

1928 செப்டம்பர் 20-ஆம் நாள் சிவகிரியில் குரு மறைந்தார். திருவிதாங்கூரின் அரசுக் கோயில்கள் இந்துக்கள் யாவர்க்கும் திறந்தது 1936-இல். அருவிப்புறமோ அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்பே திறந்திருந்தது.