புரை நீக்கிய மேதை அம்மார் அல்மவ்ஸிலீ

ஈராக்கின் மூஸில் நகரைச் சேர்ந்த அபுல் காஸிம் அம்மார் இப்னு அலீ அவர்கள் கண் மருத்துவத்தையே தம் வாழ்வாகக் கொண்டவர்கள். குராஸான், ஃபலஸ்தீன் எனப் பல நாடுகளில் சிகிச்சை செய்து, மிஸ்ரில் குடியேறினார்கள். 996 முதல் 1021 வரை அங்கு ஆண்ட கலீஃபா அல்ஹாகிமுக்காகத் தம் கண் மருத்துவ நூலை எழுதினார்கள்.

அக்காலத்தில் புரையை வெளியே எடுப்பது வழக்கமன்று. ஊசியால் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவர். அது மீண்டும் மேலெழாதிருக்க நோயாளி பல நாட்கள் மல்லாந்தே கிடக்க வேண்டும். ருகூவும் ஸுஜூதும் இயலாத அந்நாட்களின் தொழுகையைப் பற்றி ஃபுகஹாக்கள் தனியே ஆராய்ந்ததை நாம் கிதாபுகளில் காண்கிறோம்.

அம்மார் அவர்கள் துளையுள்ள உலோக ஊசி ஒன்றைச் செய்தார்கள். தபரிய்யா நகருக்கு வரும்வரை அதை எவரிடமும் பயன்படுத்தவில்லை. அங்கு வந்த ஒரு நோயாளி, மல்லாந்து படுக்க மட்டும் தம்மால் இயலாது என்றார். அவருடைய புரையை அவ்வூசியின் வழியே உறிஞ்சி எடுத்தார்கள். உடனே பார்வை கிட்டியது. ஏழு நாட்கள் கண்ணில் கட்டுப் போட்டதோடு சரி. அவர் விரும்பியபடி உறங்கினார். பின்னர் மிஸ்ரிலும் பலருக்கு இவ்வாறே செய்தார்கள்.

புரை என்பது கண்ணில் இறங்கிய நீர் என்றே அன்று கருதினர். உண்மையில் மங்குவது கண்ணின் வில்லையே. அதை நீக்கினால் ஒளி உள்ளே வரும். ஆனால் தூரத்திற்கும் அருகிற்கும் ஏற்பப் பார்வையைக் குவிக்கும் ஆற்றல் போய்விடும். மூக்குக் கண்ணாடியும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இத்தாலியில் தோன்றிற்று. 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்பவர் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். இன்று பெரும்பாலும் பொருத்தப்படும் வில்லை ஒரே தூரத்திற்குரியது. பல தூரங்களுக்குரிய வில்லைகளும், கண் தசையோடு சற்றே அசையும் வில்லைகளும் வந்துள்ளன. எனினும் இளமையில் அல்லாஹ் தந்த அக்குவியும் ஆற்றலை முழுமையாக மீட்டுத் தரும் வில்லை இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே, சிகிச்சைக்குப்பின் தெருவில் வருபவர் தெளிவாகத் தெரிந்தும் குர்ஆனின் எழுத்துகள் கலங்கினால், சிகிச்சை வீணாயிற்று என நம் பெரியவர்கள் கலங்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் கூறி, ஓதுவதற்கென ஒரு கண்ணாடி வாங்கிக் கொள்ளட்டும். அம்மார் அவர்களின் நோயாளிகளுக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை. நமக்கோ இருக்கிறது, அதற்கும் நாம் ஷுக்ரு செய்வோமாக!