பெரிய கோயில் கல்வெட்டை 19 அடி நீளப் படமாக்கிய கேப்டன் டிரைப்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்வரும் நம்மவர்கள் பலர் விமானத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த விமானத்தின் அடித்தளத்தில் வரிவரியாகக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார்கள், பொன் எவ்வளவு, நகை எவ்வளவு, எந்த ஊரின் நில வருமானம் எதற்கு என்று இராசராச சோழன் காலத்தில் கல்லில் வெட்டிவைத்த கணக்கு அது.

அந்த எழுத்துகளை 1858ஆம் ஆண்டிலேயே நீண்ட புகைப்படமாக எடுத்து வைத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி. இந்தியப் புகைப்பட வரலாற்றைப் பேசுவோர் தவறாமல் குறிப்பிடும் பெயர் இது. ஆனாலும், அவர் படமெடுத்த ஊர்களின் வழிவந்த நம்மில் பலருக்கு அவரைத் தெரியாது.

படைவீரர் கையில் கேமரா

டிரைப் 1822ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். பெரிய குடும்பம். பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊர் திரும்பியபோதுதான் புகைப்படக் கலை அவரைப் பிடித்துக்கொண்டது. 1853இல் லண்டனில் தொடங்கப்பட்ட புகைப்படச் சங்கத்தில் அவரும் உறுப்பினரானார்.

1854இல் மீண்டும் இந்தியா வந்தவர், அந்த ஆண்டின் இறுதியில் மைசூர் பகுதியிலுள்ள ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். மறு ஆண்டு மதராசில் நடந்த கண்காட்சியில் அப்படங்களுக்கு முதல் பரிசுப் பதக்கம் கிடைத்தது. அதே 1855இல், பர்மிய மன்னர் மிண்டோனின் அரசவைக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக் குழுவில் அவரும் இடம்பெற்றார். அங்கு எடுத்த இருநூறுக்கும் மேற்பட்ட படங்களிலிருந்து 120 படங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 50 தொகுப்புகளாக வெளியிடப்பட்டன. கணக்குப் போட்டால் 6,000 அச்சுப் படங்கள். ஒவ்வொன்றும் கையால் அச்சிடப்பட்டது.

1856இல் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக டிரைப் நியமிக்கப்பட்டார். பழைய கட்டடங்களும் சிற்பங்களும் அழிந்து போகும் முன் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி.

பெரிய கேமரா ஏன்?

இன்று கைப்பேசியில் எடுத்த படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். அன்று அப்படியில்லை. நெகட்டிவை அச்சுத் தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால், நெகட்டிவ் எந்த அளவோ அதே அளவில்தான் படம் வரும். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய நெகட்டிவ் வேண்டும். அதற்குப் பெரிய கேமரா வேண்டும். டிரைப்பின் அச்சுப் படங்கள் ஏறத்தாழ 14 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் கொண்டவை. அவற்றைத் தாங்கிய மரப்பெட்டிக் கேமரா எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நெகட்டிவுக்கு என்ன பொருள் என்பது அடுத்த கேள்வி. கண்ணாடித் தகட்டில் படம் மிகக் கூர்மையாக வரும். ஆனால் அன்றைய முறையில் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது பெரும் பாடு. கண்ணாடி கனமானது, வழியில் உடையவும் கூடும். டிரைப் தம் பெரிய படங்களுக்குக் காகித நெகட்டிவையே நம்பினார். அதை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துச் செல்லலாம், உடையாது. கூர்மை சற்றுக் குறையும், அதிக நேரம் ஒளி காட்ட வேண்டும் என்பவை அதன் குறைகள். கட்டடங்கள் அசையாமல் நிற்பதால் நேரம் பெரிய தடையாக இல்லை. ஆனால் நடமாடிய மனிதர்கள் படத்தில் பதியவில்லை. அவருடைய மதுரையும் தஞ்சையும் ஆளரவமற்ற ஊர்கள் போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்றைய நெகட்டிவிலிருந்து அச்சிட்ட படத்தில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் வரும். டிரைப் நெகட்டிவின் மீது தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். மர இலைகளையும் அவ்வாறே திருத்தினார்.

தமிழகப் பயணம்

1857 டிசம்பரில் தொடங்கி 1858 ஏப்ரல் வரை நான்கரை மாதங்கள் அவர் தமிழகத்தைச் சுற்றினார். வட இந்தியாவில் கம்பெனி ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. இங்கே மாட்டு வண்டிகளில் கேமரா, காகிதம், இரசாயனங்களுடன் சேலம் பகுதியின் ராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு என்று பயணம் போனது. அவருக்கு உதவியவர்களில் அய்யாசாமி என்பவரும் ஒருவர்.

மதுரையில் திருமலை நாயக்கர் மகால், மீனாட்சியம்மன் கோயில், முற்றுப்பெறாத ராய கோபுரத்தின் தூண்கள், வைகையைக் கடக்கும் பாதை ஆகியவற்றைப் படமாக்கினார். தஞ்சைக்கு வந்தபோது பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அவருக்கு வேறொரு சிக்கலை வைத்தன.

முழுச் சுவரையும் ஒரே படத்தில் அடக்க வேண்டுமானால் தூரத்தில் நிற்க வேண்டும். தூரத்தில் நின்றால் எழுத்து படிக்க வராது. அகலப் படத்துக்கென்றே, லென்ஸ் சுழலும் கேமராவை மார்ட்டென்ஸ் என்பவர் 1840களிலேயே பாரிஸில் செய்திருந்தார். ஆனால் அத்தகைய கேமராவில் நேர்க்கோடு வளைந்து தெரியும். கல்வெட்டு வரி வளைந்தால் பதிவின் பயன் குறைந்துவிடும்.

டிரைப் சுவரைப் பகுதி பகுதியாக எடுத்தார். ஒரு துண்டு எடுத்ததும் கேமராவைச் சுவரோடு நகர்த்தி, அடுத்த துண்டு. தூரம் மாறக்கூடாது; கேமரா சுவருக்கு நேராக நிற்க வேண்டும்; உயரமும் பிசகக்கூடாது. ஒன்று தவறினாலும் வரிகள் சேராது. இப்படி 21 அச்சுப் படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். தஞ்சைக் கல்வெட்டுகளை ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் நூலாக வெளியிடத் தொடங்கியது 1891இல்தான். டிரைப்பின் படம் அதற்கு 33 ஆண்டுகள் மூத்தது.

கைவிட்ட அரசு

இப்படங்கள் ஊர்வாரியாகத் தொகுதிகளாக வெளிவந்தன. ஆனால் கிளர்ச்சிக்குப் பின் அரசின் கஜானா காலியாகியிருந்தது. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்ல்ஸ் டிரெவல்யன், புகைப்படப் பிரிவை வீண் ஆடம்பரமாகக் கருதினார். 1860இல் அது மூடப்பட்டது. அதன்பின் டிரைப் மிகக் குறைவாகவே படமெடுத்தார். படைப்பணியில் தொடர்ந்து, 1870களில் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1902இல் பிறந்த ஊரிலேயே காலமானார். புகைப்படக் கலையில் அவர் முழுமூச்சாக உழைத்தது பத்தாண்டுகூட இல்லை.

அவர் ஆட்சியாளர்களின் ஊழியர். ஆளும் நாட்டை அறிந்து வைத்துக்கொள்ளும் நோக்கமும் அந்தப் பணியில் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறிய அந்த நூற்றாண்டில், அவர்கள் விட்டுவந்த ஊர்கள் எப்படி இருந்தன என்பதை இன்று இப்படங்களில்தான் காண முடிகிறது.

இன்றைய ஆர்வலர்களுக்கு

இந்நாளிலும் பெரிய வடிவ ஃபிலிம் கேமரா வாங்க நினைக்கும் இளையர்கள் இருக்கிறார்கள். சாதாரணப் படத்துக்கு ஒன்று, அகலப் படத்துக்கு ஒன்று என்று இரண்டு வாங்குவதா என்பது அவர்களின் குழப்பம். லின்ஹாஃப் டெக்னோராமா 617 போன்ற கேமராக்கள் அகலப் படத்துக்கென்றே உள்ளவை. ஒரு 120 சுருளில் நான்கே படங்கள் கிடைக்கும். வேறு வடிவில் எடுக்க முடியாது. 4க்கு 5 அங்குலக் கேமராவோ இரண்டுக்கும் உதவும். பின்புறம் சுருள் ஃபிலிம் பெட்டியைப் பொருத்தினால் 6க்கு 12 சென்டிமீட்டர் அகலப் படமும் எடுக்கலாம். லென்ஸ் பலகையை நகர்த்திக் கட்டடத்தின் கோடுகளை நேராக வைத்துக்கொள்ளவும் முடியும்.

எந்தக் கேமரா என்று கேட்கும் முன், படம் எதற்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது. படிக்கக்கூடிய எழுத்து வேண்டும் என்பதை டிரைப் முதலில் முடிவு செய்தார். மற்ற எல்லாம் அதிலிருந்து வந்தன. அடுத்த முறை தஞ்சைக்குச் செல்பவர்கள், விமானத்தின் உச்சியைப் பார்த்த பிறகு சற்றுக் குனிந்து அந்த வரிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.