உங்க லெதர் ஷூவுக்குப் பின்னால ஒரு நாயுடம்மா!

அடையாறு சர்தார் படேல் ரோட்டுல மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை எத்தனையோ தடவை கடந்திருப்பீங்க. அதை வளர்த்தெடுத்தவர் நாயுடம்மா. பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, ஆண்தான்!

குண்டூர் மாவட்டத்து விவசாயக் குடும்பம். தோல் வேலைன்னாலே சாதியைச் சொல்லி ஒதுக்கின காலத்துல, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்துல அதே துறையில டாக்டரேட் வாங்கினார்.

பச்சைத் தோல் சும்மா விட்டா அழுகிடும். அதிலிருக்கிற கொலாஜன் நார்களை டானினோ குரோமியமோ இறுக்கிப் பிணைச்சாதான் அது லெதர். இந்த வேதியியலை லேப்ல பூட்டி வைக்காம, கிராமத்துத் தோல் தொழிலாளர்கள் வரைக்கும் கொண்டுபோனார். 1958 முதல் 1971 வரை இயக்குநர். பிறகு டெல்லியில் சி.எஸ்.ஐ.ஆர் டைரக்டர் ஜெனரல்.

1985 ஜூன் 23. கனடாவிலிருந்து திரும்பும்போது கனிஷ்கா விமானத்தில் குண்டு வெடித்தது. இறந்த 329 பேரில் அவரும் ஒருவர். வயது 62.