காலவரம்பு யாருக்கு? ஜிம் தார்ப்பின் வாழ்வும் பறிக்கப்பட்ட பதக்கங்களும்

கால தாமதம் என்ற ஒற்றைக் காரணத்தால் தள்ளுபடியாகும் மனுக்களை நாம் நீதிமன்றங்களில் அன்றாடம் காண்கிறோம். எளியவரின் உரிமை எத்துணை வலுவானதாயினும், காலவரம்பு கடந்துவிட்டால் கதவு சாத்தப்படுகிறது. அதே காலவரம்பு எளியவருக்குச் சாதகமாக அமையும்போது என்ன நிகழ்கிறது? அமெரிக்கப் பூர்வகுடித் தடகள வீரர் ஜிம் தார்ப்பின் வாழ்வு இதற்கு விடை சொல்கிறது.

பின்னாளில் ஓக்லஹோமா மாநிலமான நிலப்பகுதியில், 1887ஆம் ஆண்டளவில், சாக்-ஃபாக்ஸ் பூர்வகுடியில் அவர் பிறந்தார். ஒளிமிக்க பாதை எனப் பொருள்படும் வா-தோ-ஹுக் என்பது அவருடைய குடிப்பெயர். உடன்பிறந்த இரட்டையரைச் சிறுவயதிலும், பெற்றோர் இருவரையும் பதின்பருவத்திலும் இழந்தார். 1904இல் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பழைய இராணுவக் குடியிருப்பில் 1879இல் தொடங்கப்பட்ட அப்பள்ளி, பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டியது, பெயர்களை மாற்றியது, தாய்மொழியில் பேசுவதைத் தடை செய்தது. பூர்வகுடி அடையாளத்தை அழித்தால்தான் அப்பிள்ளைகளை மனிதராக்க முடியும் என்பதே அதன் கொள்கை. கல்வி என்ற பெயரில் நடத்தப்பட்ட பண்பாட்டு அழிப்பு என்றே நாம் அதை மதிப்பிடுகிறோம்.

அந்தப் பள்ளியின் மைதானத்தில்தான் தார்ப்பின் ஆற்றல் வெளிப்பட்டது. பயிற்சியாளர் பாப் வார்னரின் கீழ்த் தடகளத்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் அவர் தேர்ந்தார். 1911இல் வலிமைமிக்க ஹார்வர்டு பல்கலைக்கழக அணியைக் கார்லைல் அணி 18-15 என வென்றபோது, வெற்றியின் பெரும்பங்கு அவருடையதாக இருந்தது.

1912 ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அவர் அமெரிக்காவுக்காகக் களமிறங்கினார். ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லானில் நான்கில் முதலிடம் பெற்றுத் தங்கம் வென்றார். பத்துப் போட்டிகள் கொண்ட டெகத்லானில் 8,412 புள்ளிகள் குவித்தார். இரண்டாமிடம் பெற்ற சுவீடனின் ஹியூகோ வீஸ்லாண்டர் ஏறத்தாழ 700 புள்ளிகள் பின்தங்கினார். பூர்வகுடியினர் அனைவருக்கும் குடியுரிமை அளிக்கும் சட்டம் அமெரிக்காவில் 1924இல்தான் நிறைவேறியது என்பதை இங்கு நாம் நினைவில் கொள்ள வேண்டும். எந்த மக்களைக் குடிமக்களாக ஏற்க மறுத்ததோ, அந்த மக்களின் மகனுடைய வெற்றியை அந்நாடு தன் வெற்றியாகக் கொண்டாடியது.

கொண்டாட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1909, 1910 கோடைக்காலங்களில் வட கரோலினாவின் சிறு பேஸ்பால் அணிகளில் தார்ப் சொற்பப் பணத்துக்கு விளையாடியதாக 1913 ஜனவரியில் ஒரு நாளிதழ் செய்தி வெளியிட்டது. பணம் பெற்று விளையாடியவர் ஒலிம்பிக்கில் பங்கேற்கக் கூடாது என்பது அன்றைய விதி. கல்லூரி மாணவர் பலர் அதே கோடை ஆட்டங்களில் பொய்ப்பெயர்களில் விளையாடித் தப்பினர். தார்ப் தம் சொந்தப் பெயரிலேயே விளையாடியிருந்தார். மறைக்கவேண்டிய குற்றம் அது என்பதை அறியாதிருந்தார். வார்னரோ தமக்கு எதுவும் தெரியாது எனக் கைவிரித்தார். அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கம் தார்ப்பின் தகுதியை நீக்கியது. சர்வதேச ஒலிம்பிக் குழு பதக்கங்களைப் பறித்து, அடுத்த இடங்களில் இருந்தோருக்கு அளித்தது.

சட்டம் பயின்றோர் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. வீரரின் தகுதி குறித்த ஆட்சேபணையைப் போட்டிகள் முடிந்த 30 நாள்களுக்குள் எழுப்ப வேண்டும் என 1912ஆம் ஆண்டு ஒலிம்பிக் விதிநூலே கூறியிருந்தது. செய்தி வெளியானது ஆறு மாதங்கள் கழித்து. விதியை மீறினார் என்று தார்ப்பைத் தண்டித்தவர்கள், தண்டிக்கும் முறையிலேயே தங்கள் விதியை மீறினர். அதைச் சுட்டிக்காட்ட அந்த இளைஞருக்கு வழக்கறிஞர் எவரும் இல்லை.

பின்னர் அவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காகப் பேஸ்பால் ஆடினார். தொழில்முறைக் கால்பந்தில் புகழீட்டினார். இன்றைய தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முன்னோடி 1920இல் உருவானபோது அதன் முதல் தலைவரானார். ஆட்ட நாள்கள் முடிந்ததும் வறுமை சூழ்ந்தது. கூலி வேலை செய்தார். திரைப்படங்களில் சிறு வேடங்களில் நடித்தார். 1932இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிற்கு நுழைவுச்சீட்டு வாங்கவும் அவரிடம் பணமில்லை. செய்தியாளர் வாக்கெடுப்பு ஒன்று 1950இல் அவரை அரைநூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரராகத் தேர்ந்தெடுத்தது; பதக்கங்கள் திரும்பவில்லை. 1953 மார்ச் 28 அன்று கலிஃபோர்னியாவில் அவர் மறைந்தார்.

அவருடைய உடலுக்கும் நீதி எளிதில் வாய்க்கவில்லை. தம் மண்ணில் குடிமரபுப்படி நடந்த இறுதிச்சடங்கு நிறைவுறுமுன்பே உடல் அங்கிருந்து அகற்றப்பட்டது. மூன்றாம் மனைவியின் உடன்பாட்டின்படி, தார்ப்பின் பெயரைச் சூட்டிக்கொண்ட பென்சில்வேனியா நகரொன்றில் அடக்கம் செய்யப்பட்டது. பூர்வகுடியினரின் எச்சங்களை மீட்பதற்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மகன்கள் வழக்காடினர். 2013இல் கீழமை நீதிமன்றத்தில் வென்றனர். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றனர். 2015இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

பதக்க வழக்கின் முடிவு வேறாக அமைந்தது. காங்கிரஸ் நூலகத்தில் மறந்து கிடந்த 1912 விதிநூலை ஆய்வாளர்கள் தேடி எடுத்தனர். அந்த 30 நாள் விதியின் வலுவில், 1982இல் ஒலிம்பிக் குழு இறங்கிவந்தது. அப்போதும் அவரை இணை வெற்றியாளராகவே ஏற்றது. வீஸ்லாண்டர் அந்தத் தங்கத்தை ஒருபோதும் தமதென ஏற்கவில்லை என்பதைப் பின்னர் அவர் குடும்பத்தினரும் உறுதிப்படுத்தினர். 2022 ஜூலையில், டெகத்லான் வெற்றிக்கு 110 ஆண்டுகள் நிறைந்தபோது, இரு போட்டிகளிலும் தார்ப் ஒருவரே வெற்றியாளர் என அறிவிக்கப்பட்டது.

இந்நீதியைக் காண அவர் இல்லை. தாமதித்து வரும் நீதியை நாம் வெற்றியென்று மட்டும் கொண்டாட இயலாது. ஆயினும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறோம். எளியவருக்குச் சாதகமான விதி பெரும்பாலும் ஏட்டில் இருக்கவே செய்கிறது. அதை உரிய நாளில் எடுத்துவைக்க ஆள் இருப்பதில்லை. சட்டம் பயிலும் நம் இளையோர் அந்த ஆளாக நிற்க வேண்டும். முப்பதாம் நாள் முடிவதற்குள் நிற்க வேண்டும்.