மிக்கி மவுஸுக்கு மட்டுமா அப்பா?



போன லீவுல எங்க வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, நான், தங்கை எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பாம்பி கார்ட்டூன் படம் பார்த்தோம். ஒரு மான்குட்டியும் அதன் அம்மாவும் பனியில் ஓடும். துப்பாக்கிச் சத்தம் கேட்கும். குட்டி புதருக்குள் வந்து சேர்ந்துவிடும், அம்மா வராது. சுட்டவனையும் காட்ட மாட்டார்கள், செத்த மானையும் காட்ட மாட்டார்கள். பனி மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். யு.கே.ஜி. படிக்கும் என் தங்கை அழுதுகொண்டே அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. அந்த அம்மா ஏன் சாகணும் என்று அப்பாவைத் துளைத்து எடுத்துவிட்டாள். அப்பாவிடம் பதில் இல்லை.

இதே கேள்வியை, படம் எடுத்தவரிடமே அவருடைய சொந்த மகள் கேட்டிருக்கிறாள் என்று பிறகு படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்த அப்பாதான் வால்ட் டிஸ்னி. மிக்கி மவுஸை உருவாக்கியவர் என்று நமக்கெல்லாம் தெரியும். வீட்டில் அவர் எப்படிப்பட்ட அப்பா என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வால்ட் டிஸ்னி 1901 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவில் சிகாகோ நகரில் பிறந்தார். அப்பா எலியாஸ், அம்மா ஃப்ளோரா. ஐந்து பிள்ளைகளில் இவர் நான்காவது. 1906-ல் குடும்பம் மார்சலின் என்ற சின்ன ஊரில் பண்ணை வைத்து வாழப் போனது. அந்தச் சில வருடங்கள்தான் அவருக்குச் சந்தோஷமான காலம். ஆடு, மாடு, பன்றி எல்லாவற்றையும் பார்த்துப் படம் வரையத் தொடங்கியது அங்கேதான். 1911-ல் கான்சாஸ் சிட்டிக்கு வந்தார்கள். அப்பா பேப்பர் போடும் தொழிலை எடுத்தார். ஒன்பது வயது வால்டும் அண்ணன் ராயும் விடிகாலை நாலரை மணிக்கே எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடியும் சாயங்காலப் பேப்பர். இப்படி ஆறு வருடத்துக்கும் மேல். வகுப்பில் தூங்கி வழிந்ததில் அதிசயமே இல்லை. (நம்ம வகுப்பில் தூங்குபவர்கள் இதைக் காரணமாகச் சொல்ல முடியாது!)

இதில் என் மனசைத் தொட்ட விஷயம் ஒன்று உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ராத்திரி விளையாடிவிட்டுப் பொம்மைகளைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பேப்பர் போட வந்த சிறுவன் வால்ட் இருட்டிலேயே கொஞ்ச நேரம் அந்தப் பொம்மைகளை வைத்து விளையாடுவான். பிறகு இருந்த இடத்திலேயே அப்படியே வைத்துவிட்டு ஓடிவிடுவான். 1917-ல் அந்த ஊரில் பேப்பர் போடும் பையன்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு ஊமைப்படம் காட்டினார்கள். அது ஸ்னோ ஒயிட் கதை. அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கான்சாஸ் சிட்டியில் ஆரம்பித்த கார்ட்டூன் கம்பெனி 1923-ல் திவாலானது. கையில் 40 டாலரோடு ஹாலிவுட் போனார். அண்ணன் ராயோடு சேர்ந்து ஸ்டுடியோ தொடங்கினார். அங்கே படங்களுக்கு மை போடும் வேலைக்கு வந்த லில்லியனை 1925-ல் கல்யாணம் செய்துகொண்டார். 1928-ல் மிக்கி மவுஸ் வந்தது, புகழும் வந்தது.

புகழ் வந்தாலும் வீட்டில் ஒரு குறை இருந்தது. லில்லியனுக்குக் கர்ப்பம் தங்காமல் போனது. ரொம்ப ஏக்கத்துக்குப் பிறகு 1933 டிசம்பரில் டயான் பிறந்தாள். அடுத்து 1937 தொடக்கத்தில், பிறந்து சில வாரமே ஆன ஷரோன் என்ற குழந்தையைத் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

அதே வருடம்தான் ஸ்னோ ஒயிட் படம் முடிந்தது. அதுவரை கார்ட்டூன் என்றால் பெரிய படத்துக்கு முன்னால் ஏழெட்டு நிமிஷம் ஓடுகிற துண்டுப்படம். ஒரு நொடி திரையில் ஓட 24 படச்சட்டம் வேண்டும். அத்தனையும் கையால் வரைந்து, 83 நிமிஷத்துக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம் என்று சினிமாக்காரர்களே கேலி செய்தார்கள். கடன் வாங்கி, ஏறக்குறைய 15 லட்சம் டாலர் செலவில் எடுத்தார். 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் காட்சி. கார்ட்டூன் பொம்மைக்காகப் பெரியவர்களே கண்ணீர் விட்டார்கள். இங்கிலாந்தில் சூனியக்காரி ரொம்ப பயமுறுத்துகிறாள் என்று, சின்னப் பிள்ளைகள் பெரியவர்களோடுதான் வரணும் என்ற சான்றிதழ் கொடுத்தார்களாம். தண்டனை மாதிரிச் சொன்னாலும், குடும்பத்தோடு பார்க்கத்தானே அவர் எடுத்தார்!

ஆனால் அவருடைய சொந்த வீட்டில் மிக்கியும் இல்லை, டொனால்டும் இல்லை. ஒரு படம்கூட மாட்டி வைக்கவில்லை. 1932-ல் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தையைக் கடத்திக் கொன்ற சம்பவம் பிரபலமானவர்களை எல்லாம் நடுங்க வைத்திருந்தது. அதனால் மகள்களின் போட்டோகூட வெளியே வராமல் பார்த்துக்கொண்டார். டயானுக்கு அப்பா யார் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, நீங்கதான் அந்த வால்ட் டிஸ்னியா என்று கேட்டு, அவரிடமே ஆட்டோகிராப் கேட்டாளாம்! மகள்களைக் காலையில் பள்ளிக்கூடத்தில் காரில் கொண்டுபோய் விடுவது டிரைவர் இல்லை, அப்பாவே. அதற்குப் பிறகுதான் ஸ்டுடியோ.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். 1942-ல் பாம்பி வந்தபோது டயானுக்கு எட்டு வயது. அம்மா மான் சாக வேண்டிய அவசியமே இல்லை என்று அப்பாவிடம் சண்டை போட்டாள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார் அவர். அது உண்மைதான். ஃபெலிக்ஸ் சால்டன் 1923-ல் எழுதிய கதையிலேயே அம்மா இறந்துவிடும். ஆனால் டயான் விடவில்லை. மற்ற படங்களில் கதையை மாற்றியிருக்கிறீர்களே, இதை மட்டும் ஏன் மாற்றவில்லை என்று மடக்கினாள். நல்ல கேள்வி! அப்பாக்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1938-ல் டிஸ்னி சகோதரர்கள் அம்மா அப்பாவுக்கு ஆசையாக ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வீட்டின் கேஸ் சூடேற்றியில் கோளாறு ஏற்பட்டு, நச்சுவாயு பரவி, அம்மா ஃப்ளோரா இறந்துபோனார். அதைப் பற்றி வால்ட் வாய் திறந்து பேசமாட்டாராம். அதனால்தான் அவர் படங்களில் அம்மாக்கள் இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்மா இல்லாத ஸ்னோ ஒயிட் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டதே. ஆனால் பாம்பி அம்மாவைத் தேடிக் கூப்பிடும் காட்சியைப் பார்த்து முடிவு செய்தபோது அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவர் கோபக்காரர் என்றும் சொல்கிறார்கள். 1941-ல் ஸ்டுடியோ ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்ததை அவர் மன்னிக்கவே இல்லை. ஆனால் வாரக் கடைசியில் அப்பா மகள்களுக்குத்தான் சொந்தம். கிரிஃபித் பார்க்கில் குதிரை ராட்டினத்தில் அவர்கள் சுற்றுவார்கள், இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு பார்ப்பார். பிள்ளைகள் மட்டும் விளையாட, பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பது ஏன், எல்லாரும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டாமா என்று தோன்றியது. 1955 ஜூலை 17 அன்று திறந்த டிஸ்னிலேண்டின் விதை அந்தப் பெஞ்சில் விழுந்தது.

அதற்கு முன்பே 1950 வாக்கில், புது வீட்டைச் சுற்றி, உட்கார்ந்து ஓட்டக்கூடிய குட்டி ரயில் ஒன்று விட்டார். எஞ்சினுக்கு மனைவி பெயரால் லில்லி பெல் என்று பெயர். தோட்டத்தில் ரயில் ஓட மனைவியிடமும் மகள்களிடமும் வக்கீல் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்! லில்லியனின் பூச்செடிகள் கெடாமல் இருக்க அடியில் சுரங்கம் தோண்டினார்கள். அதே வீட்டில் படம் பார்க்க ஓர் அறையும் இருந்தது. ஸ்டுடியோவில் வேலை முடியாத படங்களைக்கூட ராத்திரி கொண்டுவந்து போட்டுப் பார்ப்பார்.

சின்ன வயதில் மகள்கள் விரும்பிப் படித்த மேரி பாப்பின்ஸ் கதையைப் படமாக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். எழுதிய டிராவர்ஸ் அம்மையார் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. ஏறக்குறைய இருபது வருடம் கேட்டுக் கேட்டு, 1961-ல்தான் வழிக்கு வந்தார். அப்போதும் கார்ட்டூன் வேண்டாம் என்பது அவர் பிடிவாதம். மனிதர்களோடு கார்ட்டூன் பென்குயின்கள் ஆடும் அந்தப் படம் 1964-ல் வந்தபோது டயானுக்கே பிள்ளைகள் இருந்தார்கள். வாக்குக் கொடுத்தது மகளுக்கு, பார்த்தது பேரப்பிள்ளைகள்!

சிகரெட்டை மட்டும் அவரால் விட முடியவில்லை. இருமல் சத்தத்தை வைத்தே அவர் வருகிறார் என்று ஸ்டுடியோவில் தெரிந்துகொள்வார்களாம். நுரையீரல் புற்றுநோயால் 1966 டிசம்பர் 15 அன்று, 65 வயதில் இறந்தார். கடைசியாக அவர் வேலை பார்த்த ஜங்கிள் புக் 1967-ல் அவர் இல்லாமல் வெளிவந்தது.

அப்பாவை ஒரு கம்பெனியின் பெயராக மட்டும் ஜனங்கள் நினைப்பதை டயானால் பொறுக்க முடியவில்லை. 2009-ல் சான் பிரான்சிஸ்கோவில் அப்பாவுக்காக ஒரு அருங்காட்சியகம் திறந்தார். லில்லி பெல் எஞ்சின் அங்கேதான் இருக்கிறது. டயான் 2013-ல் காலமானார்.

என் தங்கை இன்னும் பாம்பி கேட்கிறாள். துப்பாக்கிச் சத்தம் வரும் இடம் நெருங்கினால் மட்டும் எழுந்து தண்ணி குடிக்கப் போய்விடுவாள். பனி நின்று பூப்பூத்ததும் நான் கூப்பிட வேண்டும்.