கடல் கடந்து வந்த பிடில்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் கல்யாணம் என்றால் ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கும். பாட்டோடு பிடிலும் குழையும்.

பிடில் நம் நாட்டுக் கருவி அல்ல. சீமையிலிருந்து கப்பலில் வந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டினார்கள். 1639-ல் ஆங்கிலேயர்கள் சென்னையில் இடம் பெற்றார்கள். அவர்களோடு அவர்களுடைய வாத்தியங்களும் வந்தன.

அந்தப் பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் யார்? திருவாரூரில் 1786-ல் பிறந்த பாலுசாமி தீட்சிதர்!

மூன்று சகோதரர்கள்

தகப்பனார் ராமசாமி தீட்சிதர் பெரிய சங்கீத வித்துவான். ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர். மூத்த மகன் முத்துசாமி, அடுத்தவர் சின்னசாமி, கடைக்குட்டி பாலுசாமி.

பழவேற்காட்டிலிருந்து தெற்கே வந்து, எண்ணூரைத் தாண்டினால் மணலி. அந்த ஊர் முதலியார் இந்தக் குடும்பத்தை அழைத்து ஆதரித்தார். சகோதரர்கள் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் கேட்டார்கள். முத்துசாமி அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். பாலுசாமியின் மனம் பிடிலில் ஒட்டிக்கொண்டது. முதலியார் ஒரு வெள்ளைக்கார வாத்தியாரை அமர்த்தினார். பாலுசாமி கற்றுத் தேர்ந்தார்.

வீணையில் இருப்பதுபோல் பிடிலில் மெட்டுகள் இல்லை. விரல் வழுக்கிக்கொண்டே போகலாம். ஆகவே நம் ராகங்களின் அசைவும் குழைவும் அதில் அப்படியே பேசின. நின்று வாசித்த கருவியை நம்மவர்கள் தரையில் அமர்ந்து, அதன் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசித்தார்கள்.

பிரிவும் சந்திப்பும்

பிறகு துன்பம் வந்தது. சின்னசாமி மதுரையில் காலமானார். துயரத்தோடு பாலுசாமி ராமேசுவரம் யாத்திரை போனார். அவருடைய வித்தையைக் கேட்ட எட்டயபுரம் ராஜா, அவரைத் தம் சமஸ்தான வித்துவான் ஆக்கினார்.

தம்பி எங்கே என்று தெரியாமல் தேடிவந்த முத்துசாமி, எட்டயபுரத்தில் அவரைக் கண்டார் என்று சொல்வார்கள். 1835-ல், தீபாவளி நாளில், அண்ணனின் உயிர் அதே ஊரில் பிரிந்தது.

பாலுசாமி 1858 வரை வாழ்ந்தார். மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனைத் தத்து எடுத்து, குடும்பச் சொத்தான சங்கீதத்தை ஊட்டி வளர்த்தார். அந்தப் பேரன் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலை வெளியிட்டார். முத்துசாமி தீட்சிதரின் பாட்டுகள் அதில் சுரக்குறிப்போடு அச்சேறின.

அண்ணனின் பாட்டு அழியாமல் காத்தது தம்பி வளர்த்த பிள்ளை. தம்பி கையில் எடுத்த பிடிலோ, இன்று பாடகர் பக்கத்தில் தவறாமல் அமர்ந்திருக்கிறது.