ஆறு புள்ளிகளில் எழுத்து தந்தவர்

பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்து பிழைத்தவர் சிமோன் பிரெயில். அவருடைய கடைசி மகன் லூயி. பிறந்தது 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ந் தேதி.

அப்பாவின் பட்டறையில்தான் குழந்தை விளையாடும். லூயிக்கு அப்போது மூன்று வயது. தோலில் துளை போடும் குத்தூசியை ஒரு நாள் கையில் எடுத்தான். அப்பா செய்வதைப் போலத் தானும் செய்ய ஆசை. கை வழுக்கியது. ஊசி கண்ணில் பாய்ந்துவிட்டது.

புண் சீழ் பிடித்தது. அதை ஆற்றும் மருந்து அந்தக் காலத்தில் இல்லை. நோய் மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதில் லூயிக்கு இரண்டு கண்ணும் அடியோடு தெரியாமல் போய்விட்டது.

காதால் படித்தான்

கண் தெரியாத ஏழைப் பிள்ளைகள் பலர் அந்நாளில் பிச்சை எடுத்தே வாழ்ந்தார்கள். லூயியின் பெற்றோர் மகனை அப்படி விட்டுவிடவில்லை. ஊர்ப் பாதிரியார் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூட ஆசிரியரும் மற்றப் பிள்ளைகளோடு அவனைச் சேர்த்துக்கொண்டார். எல்லாரும் கண்ணால் படித்ததை லூயி காதால் கேட்டே படித்தான். ஆனால் புத்தகத்தைத் திறக்கும் நேரம் வந்தால், அவனுக்கு வேலை இல்லை.

1819ல், பத்து வயதில், பாரிஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளிக்கு அவனை அனுப்பினார்கள். வேலண்டைன் ஹாய் என்ற நல்ல மனிதர் பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே தொடங்கிய பள்ளி அது. கட்டடம் பழையது; ஈரம் ஊறியது.

அங்கே புத்தகம் இருந்தது. சாதாரண எழுத்துகளையே பெரிதாக, தாளின் மேல் புடைத்து நிற்கும்படி அச்சிட்டிருந்தார்கள். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படிக்க வேண்டும். ஒரு வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துவிடும். புத்தகமோ தூக்க முடியாத கனம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எழுத்தை மாணவர்கள் தாங்களே எழுத முடியாது. கண்ணுக்காகப் பிறந்த எழுத்தை விரலுக்குக் கொடுத்தார்கள். அதுதான் கோளாறு.

பன்னிரண்டு ஆறானது

1821ல் சார்லஸ் பார்பியர் என்பவர் புதிய முறை ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அவர் பழைய ராணுவ அதிகாரி. தாளில் ஊசியால் குத்தி எழுப்பிய புள்ளிகளே அவருடைய எழுத்து. இருட்டிலும் படிக்கலாம். ஆனால் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளி வரை வேண்டும். விரல் நுனிக்குள் அது அடங்காது. உச்சரிக்கும் ஒலிக்குத்தான் குறி இருந்ததே தவிர, எழுத்துக்கு இல்லை.

பார்பியரைக் குறைத்துப் பேசக் கூடாது. புள்ளி என்ற யோசனை அவருடையது. அவர் இல்லாவிட்டால் லூயிக்கு அந்த வழி தோன்றியிருக்குமோ என்னவோ!

லூயி அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் தூங்கும்போதும், விடுமுறையில் ஊருக்குப் போனபோதும் தாளைக் குத்திக்கொண்டே இருந்தான். 1824ல் வழி பிறந்தது. அப்போது அவனுக்கு வயது பதினைந்து.

பன்னிரண்டு புள்ளியை ஆறாகக் குறைத்தான். பக்கத்துக்கு மூன்றாக இரண்டு வரிசை. விரல் நுனி பட்டதுமே ஓர் எழுத்து முழுவதும் தெரிந்துவிடும். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறிகள் கிடைக்கும். நீங்களே தாளில் போட்டு எண்ணிப் பாருங்கள். எழுத்து, எண், இசைக்குறி எல்லாமே அதற்குள் அடங்கிவிட்டன.

எழுதுவதற்குத் தேவையானது ஒரு சட்டமும் ஒரு கூரிய முனையும்தான். தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். குழந்தையின் கண்ணைப் பறித்ததும் அதே போன்ற ஒரு கூரிய முனைதான்.

1829ல் இந்த முறையை அவர் புத்தகமாக வெளியிட்டார். அதே பள்ளியில் ஆசிரியரும் ஆனார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். தம் மாணவர்கள் கண் தெரிந்த தாய் தந்தையருக்குக் கடிதம் எழுத வேண்டுமே என்று, சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் வரையும் வேறொரு முறையையும் 1839ல் வெளியிட்டார்.

பள்ளியிலேயே தடை

மாணவர்கள் பிரெயில் எழுத்தை விரும்பிக் கற்றார்கள். பெரியவர்கள்தான் தயங்கினார்கள். கண் தெரிந்தவர்களால் படிக்க முடியாத எழுத்து எதற்கு, அது பார்வையற்றவர்களைத் தனியே பிரித்துவிடாதா என்பது அவர்கள் வாதம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. ஆனால் படிக்கப் போகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

1840ல் துபோ என்பவர் பள்ளியின் தலைவரானார். அவர் பிரெயில் முறையை ஒதுக்கிவிட்டார். மாணவர்கள் விடுவார்களா? ஆசிரியருக்குத் தெரியாமல் ஒருவருக்கொருவர் கற்றுக் கொடுத்தார்கள்.

துபோவின் துணைவர் குவாதே இதைக் கவனித்தார். தலைவரிடம் எடுத்துச் சொன்னார். தலைவரின் மனம் மாறியது. 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழா நடந்தது. பிரமுகர்கள் நிறைந்த அந்தச் சபையில், சொல்லச் சொல்ல மாணவர் எழுத, இன்னொருவர் விரலால் தடவிப் படித்துக் காட்டினார். அன்று முதல் தடை இல்லை.

அதற்குள் லூயியைக் காச நோய் உருக்கிவிட்டது. நின்று பாடம் நடத்தச் சக்தி இல்லை. 1852 ஜனவரி 6ந் தேதி காலமானார். 43 வயது நிறைந்து இரண்டே நாள்.

1854ல் அந்தப் பள்ளி பிரெயில் முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது. பிறகு நாடு நாடாகப் பரவியது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் என்ற முறை 1951ல் ஏற்பட்டது. தமிழ்ப் பிள்ளைகள் விரலால் படிப்பது அதைத்தான். அதில் மேல் இடப்புறம் ஒரே ஒரு புள்ளி இருந்தால் 'அ'. பிரெஞ்சு மொழியின் முதல் எழுத்துக்கு லூயி வைத்ததும் அதே புள்ளிதான்.

இறந்து நூறு ஆண்டு ஆனபோது, 1952ல், அவருடைய உடலைக் கூவ்ரே கல்லறையிலிருந்து எடுத்தார்கள். பிரான்ஸின் பெருமக்கள் துயிலும் பாரிஸ் பாந்தியன் மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். கைகளை மட்டும் ஊர்க்காரர்கள் விட்டுக் கொடுக்கவில்லை. அவை இன்றும் கூவ்ரேயிலேயே இருக்கின்றன.